தானே இசைக்காத கருவிகள்

‘தானே இசைக்கும் கருவி’ என்ற பெயரிலேயே ஒரு சின்னப் பொய் இருக்கிறது. ரொம்பப் பழைய பொய். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் பனூ மூசா சகோதரர்கள் என்று மூன்று பேர் இருந்தார்கள். தண்ணீரின் விசையால் ஊதும் ஒரு குழலை எப்படிச் செய்வது என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். முட்கள் பதித்த உருளை ஒன்று சுழலும், அந்த முட்கள் குழலின் துளைகளைத் திறந்து மூடும். அந்த நூலின் பெயருக்குப் பொருளே ‘தானாக இசைக்கும் கருவி’ என்பதுதான். சரி, உருளையில் எந்த முள் எங்கே நிற்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? தண்ணீரா? ஒரு ஆள் முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்து, அளந்து, அடித்து வைத்த முள் அது. வாசிப்பு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. நமக்கு வருவது கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரின் நடுவில் இருக்கும் ஸ்பேல்க்ளோக் அருங்காட்சியகத்தைச் சுற்றிவரும்போது இந்தக் கேள்வி ஒவ்வொரு கருவியின் முன்னாலும் திரும்பத் திரும்ப வருகிறது. இதில் கை எங்கே இருக்கிறது? யாருடைய கை? அந்த அருங்காட்சியகத்தைப் பற்றி எனக்குப் பாராட்டும் உண்டு, குறையும் உண்டு. இரண்டுமே இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன.

முதலில் பாராட்டு

டச்சு மொழியில் ‘ஸ்பேல்க்ளோக்’ என்றால் இசைக்கும் கடிகாரம். 1956இல் நடந்த ஒரு கண்காட்சிக்குக் கிடைத்த வரவேற்பிலிருந்து பிறந்த அருங்காட்சியகம் இது. 1984 முதல் ப்யூர்கெர்க் என்ற இடைக்காலத் தேவாலயத்துக்குள் இருக்கிறது. முன்பு அதன் பெயர் ‘இசைக்கடிகாரம் முதல் தெரு ஆர்கன் வரை’ என்ற பொருளில் நீளமாக இருந்தது. உள்ளே இருப்பதும் அந்த வரிசைதான். கடிகாரம், இசைப்பெட்டி, பியானோலா, பெரிய அலமாரி அளவுக்கு இருக்கும் ஆர்கெஸ்ட்ரியன், நடனக்கூட ஆர்கன், தெரு ஆர்கன். முட்டைக்கோஸுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பொம்மை முயல்கூட உண்டு.

இசைக்கருவி அருங்காட்சியகங்கள் பலவற்றில் ஒரு வினோதமான அமைதி இருக்கும். கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஒரு வயலின், கீழே பெயர்ப்பலகை. ஒலிக்கப் பிறந்த பொருளை நாற்காலி மாதிரி நிறுத்தி வைத்திருப்பார்கள். ஸ்பேல்க்ளோக்கில் அப்படி இல்லை. வழிகாட்டி கூடவே வந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகளை இயக்கிக் காட்டுகிறார்.

இது சாதாரண முடிவு இல்லை. இசைத்தால் கருவி தேயும். எஃகு முள், மரக்குழல், தோல் துருத்தி எல்லாமே தேயக்கூடியவை. ‘அப்படியானால் இசைக்காமலேயே வைத்துவிடலாமே’ என்றால் அதுவும் சரியான பாதுகாப்பு இல்லை. தோல் சும்மா இருந்தாலும் காய்ந்து வெடிக்கும். ரப்பர்க் குழாய் தானாகவே இறுகிப் போகும். ஆகவே இந்த வகைக் கருவிகளுக்குப் பட்டறை தேவை. இந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாகவே ஒரு பழுதுபார்க்கும் பட்டறை இருக்கிறது. நாம் கேட்கும் ஒவ்வொரு ஒலியும் அந்தப் பட்டறைக்காரர்களின் கை வழியாக வந்ததுதான். துருத்திக்கு எந்தத் தோல் போட்டார்கள், காற்றழுத்தத்தை எவ்வளவுக்கு வைத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒலி மாறும். நூறு வருடத்துக்கு முந்தைய ஒலி என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் நேற்றைய ஒலியும் இருக்கிறது.

முள் வைத்த கை

கடிகாரங்களிலிருந்து ஆரம்பிப்போம். அங்கேதான் விஷயம் ஆழமாக இருக்கிறது, அங்கேதான் பார்வையாளர்கள் குறைவாக நிற்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்களின் வீடுகளில் சின்னக் குழல் ஆர்கன் வைத்த கடிகாரங்கள் இருந்தன. இந்தக் கடிகாரங்களுக்காகவே ஹைடன் இசை எழுதியிருக்கிறார். அவர் வேலை செய்த எஸ்தர்ஹாசி அரண்மனையில் நூலகராக இருந்த நீமெட்ஸ் என்ற துறவிதான் கடிகாரங்களைச் செய்தவர். 1792, 1793 என்று ஆண்டு பொறித்த கடிகாரங்கள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. இசை ஆய்வாளர்களுக்கு இது பொக்கிஷம். காகிதத்தில் இருக்கும் ஸ்வரக்குறிப்பு எப்படி வாசிக்க வேண்டும் என்பதைப் பாதிதான் சொல்லும். ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது, எங்கே வெட்டுவது, அலங்காரத்தை எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்பதெல்லாம் வாசிப்பவர் கையில் இருந்தது. உருளையில் அது முள்ளாகவே நிற்கிறது. அளந்து பார்க்கலாம்.

இதைப் பற்றி அப்போதே புத்தகம் எழுதியிருக்கிறார்கள். 1775இல் ஆங்ரமெல் என்ற பிரெஞ்சுத் துறவி, உருளைகளில் இசையைக் குறிப்பது எப்படி என்று ஒரு முழு நூல் போட்டார். அவர் வலியுறுத்தியது இதுதான்: ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு பகுதி உண்டு, ஒலிக்கும் பகுதி ஒன்று, அதன் பின் வரும் மௌனம் ஒன்று. முள் வைப்பவர் இரண்டையும் அளந்தாக வேண்டும். காகிதத்தில் சமமாகத் தெரியும் ஸ்வரங்கள் வாசிப்பில் சமமாக இருப்பதில்லை என்பதையும் அவர் கவனித்து எழுதினார். யோசித்துப் பாருங்கள். இயந்திரத்துக்காக எழுதிய கைநூல், மனிதர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதற்கு இன்று முக்கியமான சாட்சி ஆகிவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். உருளை காலப்பிரமாணத்தை முழுசாகச் சொல்லாது. அதன் வேகம், தொங்கும் எடையையும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்னக் காற்றாடியையும் பொறுத்தது. பழுதுபார்த்தவர் அந்தக் காற்றாடியைக் கொஞ்சம் மாற்றியிருந்தால் ஹைடனின் வேகமும் மாறிவிடும். முள் சாட்சி சொல்லும். காற்றாடி சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

மொஸார்ட்டும் இந்த வகைக்கு எழுதினார், பிடிக்காமல் எழுதினார். வியன்னாவில் டைம் என்ற பிரபு, லௌடன் என்ற தளபதியின் நினைவாக ஒரு மெழுகுச் சிலைக் காட்சி வைத்தார். அங்கே ஒலிக்கும் கடிகார ஆர்கனுக்கு இசை கேட்டார். 1790 அக்டோபரில் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், குழல்கள் கீச்சென்று சின்னப்பிள்ளைத்தனமாக ஒலிப்பதாகவும் வேலையே அலுப்பாக இருப்பதாகவும் மொஸார்ட் புலம்புகிறார். ஆனாலும் அதில் பிறந்த எஃப் மைனர் ஃபேண்டஸி இன்றும் பெரிய ஆர்கன்களில் வாசிக்கப்படுகிறது. இயந்திரத்துக்காக எழுதியதை மனிதர்கள் கையாலும் காலாலும் வாசிக்கிறார்கள், அதுவும் சிரமப்பட்டு!

இசைப்பெட்டிகளிலும் இதே கதைதான், ஆனால் கைக்குப் பெயர் இல்லை. 1796இல் ஜெனிவாவின் ஆந்த்வான் ஃபாவ்ர் என்ற கடிகாரக்காரர் ஸ்ருதி சேர்த்த எஃகுப் பற்களை முள் நிமிண்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அதன்பின் சுவிட்சர்லாந்தின் யூரா மலைப்பகுதியில் இது பெரிய தொழில் ஆனது. ஒரு பித்தளை உருளையில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு முள்ளைக் கையால் செருக வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. மூடியில் கடைப்பெயர் இருக்கும், பாட்டின் பெயர் இருக்கும். முள் செருகியவர் பெயர் இருக்காது.

பிடித்து வைத்த கை

அருங்காட்சியகத்தில் கூட்டம் வாயைப் பிளக்கும் இடம் ஃபோனோலிஸ்ட்-வியோலினா. லைப்ஸிக் நகரத்து ஹூப்ஃபெல்ட் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சந்தைக்குக் கொண்டுவந்த கருவி. கீழே பியானோ, மேலே அலமாரிக்குள் மூன்று நிஜ வயலின்கள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி வட்டமான ஒரு வில், நூற்றுக்கணக்கான குதிரைமுடிகளோடு சுழல்கிறது. இங்கே வில் வயலினிடம் போவதில்லை, வயலின்தான் வில்லிடம் சாய்கிறது. ஒவ்வொரு வயலினிலும் ஒரு தந்திதான் ஒலிக்கும். காற்றழுத்தத்தால் இயங்கும் ‘விரல்கள்’ தந்தியை அழுத்தும். எல்லாவற்றுக்கும் கட்டளை, துளையிட்ட காகிதச் சுருளிலிருந்து.

பொறியியலாகப் பார்த்தால் பிரமிப்பு. இசையாகக் கேட்டால்? என் காதுக்கு வில்லின் மூச்சு இல்லை. வயலின் வித்வான் வில்லைத் திருப்பும் இடத்தில் வாக்கியம் மூச்சு வாங்கும். வட்ட வில்லுக்கு முனையும் இல்லை, திருப்பமும் இல்லை. பியானோ பாகம் நம்பும்படி இருக்கிறது, வயலின் பாகம் திறமையான பொம்மலாட்டம் மாதிரி இருக்கிறது. பியானோவில் சுத்தியல் தந்தியை அடித்ததும் கையின் வேலை முடிந்துவிடும். வயலினில் ஸ்வரம் ஒலிக்கும் நேரம் முழுக்கக் கை அதில் இருந்தாக வேண்டும். அந்த வித்தியாசத்தை இந்தக் கருவி விளக்கும் அளவுக்கு எந்தப் பாடப்புத்தகமும் விளக்காது.

பியானோ நம்பும்படி இருக்கிறது என்றேன். அதை உச்சத்துக்குக் கொண்டுபோனது வெல்டே-மின்யோன். 1904இல் ஃப்ரைபுர்க் நகரத்து வெல்டே நிறுவனம் வெளியிட்ட முறை. ஒரு பியானோக்காரர் வாசித்ததைக் காகிதத்தில் பிடித்து, வேகத்தையும் அழுத்தத்தையும் சேர்த்துத் திருப்பி வாசிக்க வைக்கும். கிரீக், சேன்-சான்ஸ், டெபுஸ்ஸி எல்லாம் இதில் வாசித்து வைத்தார்கள். மாலர் 1905இல் வாசித்தார். அவர் வாசிப்பு வேறு எந்த வகையிலும் நம்மிடம் இல்லை. கட்டைகள் தானாக இறங்கி ஏறுவதைப் பார்த்தால் மேசையில் ஆவி உட்கார்ந்திருப்பது மாதிரிதான் இருக்கும்.

ஆனால் ஆவியையும் யாரோ ஒப்பனை செய்திருக்கிறார்கள். எந்தக் கட்டை எப்போது இறங்கியது என்பது சுருளில் துல்லியமாக விழுந்தது. அழுத்தத்தை எப்படிப் பதிந்தார்கள் என்பதை நிறுவனம் தொழில் ரகசியமாக வைத்துக்கொண்டது. அதன்பிறகு சுருளைத் திருத்தும் ஆட்கள் இருந்தார்கள். ஆகவே வெல்டே சுருளில் நாம் கேட்பது மாலரும் அந்தத் தொகுப்பாளரும் சேர்ந்து வாசித்தது.

மிதிக்கும் கால், சுற்றும் கை

பியானோலா என்றால் பலரும் தானியங்கிப் பியானோ என்று நினைத்துவிடுவார்கள். அதன் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்து காலால் மிதிக்க வேண்டும், கையால் நெம்புகோல் வைத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். சுருளில் அலை அலையாக ஒரு சிவப்புக் கோடு போகும். நெம்புகோலின் முனையை அந்தக் கோட்டின் மேல் ஓட்டினால் காலப்பிரமாணம் சரியாக வரும். எந்த விரல் எங்கே என்ற கவலை போய்விட்டது, பாவம் மட்டும் உங்கள் பொறுப்பு. கேட்க சுலபமாக இருக்கிறதா? மோசமாக மிதித்தால் மோசமாகத்தான் கேட்கும்.

தெரு ஆர்கனின் கதை இன்னும் சுவாரசியம். பழைய உருளை ஆர்கனில் சில பாட்டுகள்தான் இருக்கும். புதுப் பாட்டு வேண்டுமென்றால் புது உருளை, பெரிய செலவு. 1892இல் பாரீஸின் காவியோலி நிறுவனம் மடித்து மடித்து அடுக்கும் துளையிட்ட அட்டைப் புத்தகத்துக்குக் காப்புரிமை பெற்றது. அதன்பின் ஊரில் நேற்று பிரபலமான பாட்டை இன்று தெருவில் இறக்கலாம். ஆம்ஸ்டர்டாமில் லெயோன் வார்னீஸ் என்ற பெல்ஜியக்காரர் 1875இலேயே ஆர்கன்களை வாடகைக்கு விடும் தொழிலை ஆரம்பித்திருந்தார். டச்சுத் தெருக்களின் ஒலியே இப்படித்தான் உருவானது. அட்டையில் துளை போடுபவர் சும்மா பிரதி எடுப்பவர் இல்லை. பாட்டைப் பிரித்து, எதிர்ப்பாட்டு சேர்த்து, குழல்களுக்குப் பங்கு போடுபவர். பிரெடா நகரில் பட்டறை வைத்திருந்த கார்ல் ஃப்ரை போன்றவர்களுக்குத் தனி பாணியே உண்டு. தெரிந்தவர்கள் கேட்டதுமே ‘இது அவருடையது’ என்பார்கள். பெரிய சக்கரத்தைச் சுற்றும் ஆளும், சில்லறைக் கிண்ணத்தைத் தாளத்தோடு குலுக்கியபடி நடக்கும் ஆளும் அதே இசைக்குழுதான்.

கூலி யாருக்கு?

இவ்வளவு கைகள் இருக்கின்றன என்று தெரிந்தபின் வரும் கேள்வி, யாருக்குக் காசு போனது என்பது.

அழகான சுவிஸ் இசைப்பெட்டிக்குப் பின்னால் அவ்வளவு அழகில்லாத ஒரு வரலாறு உண்டு. பிரான்ஸ் 1866இல் ஒரு சட்டம் போட்டது: இயந்திரக் கருவியில் ஒரு பாட்டைப் பதித்து விற்றால் அது பதிப்புரிமை மீறல் ஆகாது. பின்னணியில் இருந்தது சுவிஸ் இசைப்பெட்டித் தொழிலின் நலன். 1886இன் பெர்ன் உடன்படிக்கையோடு சேர்த்த நெறிமுறையிலும் அதே விலக்கு நுழைந்தது. 1908இல் பெர்லினில் திருத்தும்வரை, சர்வதேச அளவில் இசையமைப்பாளருக்கு இந்தக் கருவிகள்மீது உரிமை கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. அணிவகுப்பு இசைக்குப் புகழ்பெற்ற ஜான் பிலிப் சூஸா, 1906இல் இயந்திர இசையின் ஆபத்து பற்றி ஒரு கோபமான கட்டுரை எழுதினார். யாரும் வீட்டில் பாடக் கற்க மாட்டார்கள் என்ற பயம் அதில் பாதி. தன் பாட்டை வைத்து மற்றவர்கள் சம்பாதிக்கிறார்கள், தனக்கு ஒரு பைசா வரவில்லை என்ற கோபம் மீதி. 1908இல் உச்ச நீதிமன்றம் பியானோ சுருள் ஒரு ‘பிரதி’ அல்ல என்று தீர்ப்பளித்தது. காரணம், மனிதர் கண்ணால் பார்த்துப் படிக்க முடியாத அது இயந்திரத்தின் ஒரு பாகம்தானாம். அடுத்த ஆண்டே சட்டம் மாறியது. ஒவ்வொரு சுருளுக்கும் 2 சென்ட். இன்று ‘மெக்கானிக்கல் ராயல்டி’ என்று சொல்கிறோமே, அந்தப் பெயரின் வேர் இங்கேதான்.

செயற்கை நுண்ணறிவு பாட்டுப் போடுவதைப் பற்றி இப்போது நடக்கும் சண்டையைப் பார்ப்பவர்களுக்கு இது பழக்கப்பட்ட குரலாகக் கேட்கும். இயந்திரத்துக்குள் போய்விட்டால் அது யாருடையதும் இல்லை என்ற வாதம் 150 வருடப் பழசு.

இப்போது குறை

இந்த வகை அருங்காட்சியகத்தின் மீது எனக்குள்ள முதல் குறை இடம் சார்ந்தது. தெரு ஆர்கன் திறந்த வெளிக்காகச் செய்யப்பட்டது. குதிரைவண்டிச் சத்தத்தைத் தாண்டி நாலாவது வீட்டு மாடிவரை போக வேண்டிய ஒலி. அதைக் கல் சுவர்த் தேவாலயத்துக்குள் வைத்து முழு வேகத்தில் விட்டால், சுவையைவிடச் சத்தம்தான் ஞாபகத்தில் நிற்கும். அதே கூரைக்கு அடியில், படுக்கையறைக்காகச் செய்த ஒரு சின்னக் கடிகாரம் என்ன செய்யும்? கூட்டம் பெரிய ஆர்கனின் முன் கைதட்டும்போது ஹைடன் காலத்துக் குழல்கள் தோற்றுத்தான் போகும்.

இரண்டாவது, சுற்றுலா என்ற வடிவமே சார்ந்தது. ஒரு கருவிக்கு ஒரு பாட்டு, ஒரு ஆச்சரியம், ஒரு சிரிப்பு, அடுத்தது. இதில் ‘எப்படி இயங்குகிறது’ என்பதற்கு இடம் உண்டு, ‘யார் வாசித்தது’ என்பதற்கு நேரம் இருக்காது. ஒரே பாட்டை இரண்டு பட்டறைக்காரர்கள் துளையிட்ட அட்டைகளில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் போதும். ‘இயந்திரம் தானாக வாசிக்கிறது’ என்ற மயக்கம் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

‘கை, கை என்கிறாயே, கைக்கு எட்டாததைச் செய்யத்தானே இயந்திரம்’ என்று யாராவது கேட்கலாம். நியாயம்தான். மெக்சிகோ நகரில் வாழ்ந்த கான்லன் நான்காரோ, எந்தப் பியானோக்காரராலும் வாசிக்க முடியாத வேகங்களையும் லயங்களையும் தானே சுருளில் துளையிட்டுத் தானியங்கிப் பியானோவுக்கு எழுதினார். ஆனால் அவர் கதையும் என் பக்கம்தான் நிற்கிறது. சில நிமிட இசைக்காக மாதக்கணக்கில் துளை போட்டுக்கொண்டிருந்தது ஒரு மனிதக் கை.

நம்ம ஊர் இயந்திரம்

நமக்கும் தானியங்கி இசைக்கருவி தெரியும். தமிழ்நாட்டுக் கோயில்களில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் முரசு, மணி, ஜால்ரா எல்லாம் சேர்ந்து அடிக்குமே, அந்த மின்மேளம். மோட்டார், சுழலும் தண்டு, தூக்கிப் போடும் கொம்புகள், சுத்தியல்கள். உட்ரெக்டில் இருக்கும் கருவிகளின் தூரத்துச் சொந்தம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே உருளையில் ஒருவருடைய வாசிப்பு தங்கியிருக்கிறது. இங்கே யாருடைய வாசிப்பும் இல்லை, மோட்டாரின் சுற்று மட்டும்தான். நாகஸ்வரக்காரர் இருந்தால் காலைக்கு ஒரு ராகம், இரவுக்கு ஒரு ராகம், புறப்பாட்டுக்கு மல்லாரி. மின்மேளத்துக்குக் காலையும் இரவும் ஒன்றுதான். சின்னக் கோயில்களுக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகவில்லை என்ற நிலைமை எனக்குப் புரிகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தவில்காரரின் இடத்தில் ஒரு பெட்டி வந்தபோது, அவருடைய சொல்கட்டில் ஒன்றைக்கூட அந்தப் பெட்டியில் யாரும் வைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டுக் கடிகாரக்காரர் இதைவிட அக்கறையோடு நடந்துகொண்டார்.

உட்ரெக்ட் பக்கம் போக வாய்த்தால் ஸ்பேல்க்ளோக்குக்குக் கட்டாயம் போங்கள், வழிகாட்டியோடு ஒரு சுற்று சுற்றுங்கள், சிரியுங்கள், கைதட்டுங்கள். அது முடிந்ததும் கடிகாரங்கள் இருக்கும் பக்கம் தனியாகத் திரும்பி வாருங்கள். ஒரு உருளையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். முட்கள் ஒரே இடைவெளியில் இருக்காது. ஒன்று கொஞ்சம் தள்ளி, ஒன்று கொஞ்சம் நெருங்கி நிற்கும். அந்தச் சின்ன இடைவெளிதான் வாசிப்பு. அதை வைத்தவர் அதைப் பல தடவை வாய்க்குள் பாடிப் பார்த்திருப்பார்.